தமிழ் எழுத்துக் குறியீடு: ஒரு நீண்ட இழுபறி

1990களில் ஸ்ரீரங்கத்தில் தமிழில் தட்டச்சு செய்த கடிதம், காவிரிப் பாலம் தாண்டி திருச்சியில் வேறு கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் 'அ'வுக்கு ஒவ்வொரு எண் கொடுத்திருந்ததே காரணம். நிரல் எழுதுவோர் வரியை நாலு இடம் தள்ளுவதா, எட்டா என்று சண்டை போடுவார்கள். யார் ஜெயித்தாலும் நிரல் ஓடும். இங்கே கடிதமே போச்சு!

பல நாட்டுத் தமிழ் ஆர்வலர்கள் கூடிப் பேசி 'டிஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடோ 'டாம்', 'டாப்' என்று வேறு இரண்டை முன்வைத்தது. ஒன்றுக்காகக் கூடி மூன்றானது. (அந்த மாநாட்டின் தமிழ்99 விசைப்பலகை மட்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.)

யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம்பெற்றிருந்தது. விண்டோஸ் 2000 அதை ஏற்ற பிறகுதான் மெல்லப் பரவியது. தமிழக அரசு 2010 ஜூனில் அதைத் தரமாக அறிவித்தது, கூடவே 'டேஸ் 16' என்ற இன்னொன்றையும்.