ரயில் வராத நிலையம்

ஆராதனை முடிந்து நாம் மளிகை வாங்கப் போகும் ஹில்கிராஃப்ட் சாலை எப்படி உருவானது என்று யோசித்ததுண்டா?

1970-களில் ஹூஸ்டனில் எண்ணெய்த் தொழில் செழித்தது. ஹில்கிராஃப்டை ஒட்டிய கல்ஃப்டனில், வேலைக்கு வந்த மணமாகாத இளைஞருக்காக அடுக்குமாடி வளாகங்கள் வரிசையாக எழும்பின. 1980-களில் எண்ணெய் விலை சரிந்தது. இளைஞர்கள் வெளியேறினார்கள், வாடகை இறங்கியது. எல் சால்வடாரிலும் குவாத்தமாலாவிலும் நடந்த உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர்கள் அந்த வீடுகளில் குடியேறினார்கள். ஹில்கிராஃப்டில் நம் நாட்டவர் சேலைக்கடை, நகைக்கடை, இனிப்புக்கடை திறந்தார்கள்.

பிறகு பெயர் வந்தது. சாலைக்கே காந்தியின் பெயரை வைக்கும் யோசனைக்கு எதிர்ப்பு எழுந்தது. அங்கே கடை வைத்திருந்தவர்கள் எல்லாரும் இந்தியர் அல்லவே. முடிவில் சாலையின் பெயர் மாறவில்லை. 2010 ஜனவரியில் வட்டாரம் மட்டும் ‘மகாத்மா காந்தி மாவட்டம்’ ஆனது.

வராமல் போனது ரயில். பக்கத்திலுள்ள வெஸ்ட்பார்க்கில் ஒரு காலத்தில் சதர்ன் பசிபிக் கம்பெனியின் ரயில் ஓடியது. அந்தத் தடத்தில் 2004-ல் சுங்கச்சாலை திறந்தது. 2003-லேயே மெட்ரோ நிறுவனத்தின் ரயில் திட்டத்துக்கு வாக்காளர்கள் சம்மதம் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு தடம் ஹில்கிராஃப்ட் பேருந்து நிலையம் வரை வரவேண்டும். எந்தத் தெரு வழியாக என்ற தகராறிலும் பணத் தட்டுப்பாட்டிலும் அது நின்றுபோனது. அதற்குப் பதிலாகப் பேசப்பட்ட விரைவுப் பேருந்தும் 2024-ல் கைவிடப்பட்டது.

காரில் வந்து காரில் திரும்பும் நமக்கு இது பெரிய நஷ்டமாகத் தெரியாது. ஆனால் நர்சுகளாகிய நாங்கள் வேறொன்றைப் பார்க்கிறோம். இரண்டு பேருந்து மாறி வருகிற நோயாளி ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய அப்பாயின்ட்மென்ட்டே போய்விடுகிறது. சர்க்கரைப் பரிசோதனை தள்ளிப்போகிறது. காலில் வந்த சிறு புண் பெரிதான பிறகு வருகிறார்கள்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா நிருபம் எழுதியபோது, குடியிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொன்னார். பட்டணம் என்றால் நம் கடைகள் மட்டுமல்ல, கல்ஃப்டனும்தான். வாக்குரிமை உள்ளவர்கள் மெட்ரோ விஷயமாக வாக்கெடுப்பு வரும்போது வீட்டில் இருந்துவிடாதீர்கள். மற்றவர்கள் ஒரு சனிக்கிழமை ஹில்கிராஃப்டுக்குப் பேருந்தில் போய்ப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று வாலிபர் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.