சாக்லேட் நீர்க்கட்டி: ஆபரேஷன் செய்தால் குழந்தை பெறும் வாய்ப்பு கூடுமா, குறையுமா?

சினைப்பை பற்றி ஸ்கேன் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தாலும், தமிழ் வீடுகளில் அதற்கு ஒரே பெயர்தான்: 'நீர்க்கட்டி'. மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூரிலும் அப்படித்தான், சென்னையிலும் அப்படித்தான். ஆனால் பிசிஓஎஸ் வேறு, 'சாக்லேட் சிஸ்ட்' எனப்படும் எண்டோமெட்ரியோமா வேறு. ஒன்றுக்குச் சொல்லும் யோசனை இன்னொன்றுக்குப் பொருந்தாது. குறிப்பாக, அவசரப்பட்டுச் செய்யும் ஆபரேஷனில் கருமுட்டைகளையும் சேர்த்து இழக்க நேரிடலாம்.

சாக்லேட் கட்டி என்றால் என்ன?

கருப்பையின் உள்வரியைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். உலகில் குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தத் திசு சினைப்பையில் வளரும்போது பழைய ரத்தம் உள்ளேயே தேங்கி, கரும்பழுப்பு நிறத்தில் கெட்டியாகிவிடும். பெயர் வந்தது அந்த நிறத்தால்தான். சாக்லேட் சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிசிஓஎஸ்-இல் தெரிபவை உண்மையில் முழு வளர்ச்சி அடையாத சிறு முட்டைப்பைகள். அதனால் முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை அளவு பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். சாக்லேட் கட்டி உள்ளவர்களுக்கு அது குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு.

கட்டி இருந்தாலே கருத்தரிக்க முடியாதா?

அப்படி இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கருத்தரிப்பதில் சிரமம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. மீதிப் பேர் பலர் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள். ஒரு பக்கச் சினைப்பையில் பெரிய கட்டி இருந்த 244 பெண்களை இத்தாலிய மருத்துவர்கள் ஆறு சுழற்சிகள் வரை கவனித்தனர். முட்டை வெளியானதில் ஏறத்தாழ பாதி, கட்டி இருந்த சினைப்பையிலிருந்தே வந்தது. 43 சதவீதம் பேர் சிகிச்சை இல்லாமலே கருத்தரித்தனர். 2015-இல் வெளியான ஆய்வு இது.

ஆனாலும் கட்டி சும்மா இருப்பதில்லை. அதில் தேங்கும் இரும்புச்சத்தும் அழற்சியும் சுற்றியுள்ள திசுவைப் பாதித்து, முட்டைகளைக் குறைக்கலாம். சினைப்பையும் கருக்குழாயும் ஒட்டிக்கொண்டால், முட்டை குழாய்க்குள் போகும் வழியும் தடைபடும்.

ஆபரேஷனால் ஏன் முட்டை குறைகிறது?

மற்ற பல கட்டிகளைப் போல இதை 'உறை பிரித்த மாதிரி' தனியாக எடுக்க முடியாது. கட்டியின் சுவரும் சினைப்பைத் திசுவும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சுவரை உரிக்கும்போது முட்டைகள் உள்ள திசுவும் கூடவே வந்துவிடும். ரத்தக்கசிவை நிறுத்தக் கொடுக்கும் மின்சூடும் மீதித் திசுவைச் சுடலாம்.

எண்களில் பார்ப்போம். 237 பெண்கள் பங்கேற்ற 8 ஆய்வுகளைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டு அலசலில், ஆபரேஷனுக்குப் பின் ஏஎம்எச் சராசரியாக மில்லிலிட்டருக்கு 1.13 நானோகிராம் குறைந்திருந்தது. 30 வயதைத் தாண்டிய பலருக்கு மொத்த அளவே 2, 3 என்றுதான் இருக்கும். எனவே இது சின்ன இழப்பு அல்ல. இரண்டு பக்கமும் ஆபரேஷன் செய்துகொண்ட 126 பேரில் 3 பேருக்கு, அதாவது 2.4 சதவீதத்தினருக்கு, சினைப்பையே செயலிழந்ததாக 2006-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அதே சினைப்பையில் இரண்டாவது முறை ஆபரேஷன் செய்தால் ஆபத்து இன்னும் கூடும்.

அதே நேரம், ஏஎம்எச் குறைந்தால் 'எல்லாம் போச்சு' என்று அர்த்தமில்லை. குழந்தையின்மைப் பிரச்னை இல்லாத, 30 முதல் 44 வயதுடைய 750 பெண்களிடம் நடந்த 2017-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், குறைந்த ஏஎம்எச் இயல்பான கருத்தரிப்பைக் குறைக்கவில்லை. ஐவிஎஃப்-இல் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்கத்தான் அது அதிகம் உதவும்.

அப்போ ஆபரேஷன் பண்ணவே கூடாதா?

பண்ணலாம், காரணம் தெளிவாக இருந்தால். மாத்திரைக்குக் கட்டுப்படாத வலி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, ஸ்கேனில் புற்றுநோய்ச் சந்தேகம், முட்டை எடுக்கும் ஊசிக்குக் கட்டி வழிவிடாமல் மறைப்பது போன்றவை நியாயமான காரணங்கள். ஐவிஎஃப்-க்கு முன் எல்லோருக்கும் வழக்கமாகக் கட்டியை அகற்றுவதை ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. அப்படிச் செய்வதால் குழந்தை பிறக்கும் விகிதம் கூடுவதாகத் தெரியவில்லை. முட்டை இருப்புதான் குறையக்கூடும்.

டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் வலியைக் குறைக்கும். ஆனால் சாப்பிடும் வரை முட்டை வெளியாவது தடைபடுவதால், கருத்தரிக்க அவை உதவாது.

'கல்யாணம் ஆனா சரியாயிடும், ஒரு குழந்தை பெத்துக்கோ' என்ற அறிவுரை? நோய்க்கு மருந்தாகக் கர்ப்பத்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

மும்பையில் எங்கே போவது?

தாராவிக்குப் பக்கத்திலேயே சயானில் லோக்மான்ய திலக் மாநகராட்சி பொது மருத்துவமனை இருக்கிறது. பரேலில் கேஇஎம் மருத்துவமனையும் நவ்ரோஸ்ஜி வாடியா மகப்பேறு மருத்துவமனையும் உள்ளன. மும்பையின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1986 ஆகஸ்ட் 6 அன்று பிறந்தது கேஇஎம்-இல்தான். அந்தச் சிகிச்சையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவுடன் சேர்ந்து உழைத்த ஐசிஎம்ஆர் ஆய்வு நிறுவனம், இன்று இந்தியப் பெண்களிடம் எண்டோமெட்ரியோசிஸின் மரபணுக் காரணங்களை ஆராய்ந்து வருகிறது.

தனியார் மருத்துவமனைக்குப் போகும் முன் இன்சூரன்ஸ் பாலிசியைப் படித்துப் பாருங்கள். இந்திய மருத்துவக் காப்பீடுகளில் 'விலக்கு 17' என்ற பிரிவு குழந்தையின்மைச் சிகிச்சையைப் பற்றியது. அது உங்கள் பாலிசியில் இருந்தால் ஐவிஎஃப் செலவு கிடைக்காது. அலுவலகக் குழுக் காப்பீட்டில் விதிகள் மாறலாம், எச்ஆரிடம் கேளுங்கள்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்து போடும் முன் கேட்க வேண்டியவை

• இது எண்டோமெட்ரியோமாதானா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? எத்தனை சென்டிமீட்டர்?

• எனக்கு ஏன் இப்போது ஆபரேஷன் தேவை? காத்திருந்தால் என்ன ஆகும்?

• ஏஎம்எச் பார்த்தாச்சா? ஸ்கேனில் முட்டைப்பைகளை எண்ணியாச்சா?

• ஆபரேஷனுக்கு முன்பே முட்டையை உறையவைக்க வேண்டுமா? திருமணம் ஆகாதவர்களும் இதைக் கேட்கலாம்.

• துணைவரின் விந்தணுப் பரிசோதனை முடிந்ததா?

குழந்தைக்கு முயல்பவர்கள் பொதுவாக ஓராண்டு, 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்பார்கள். சாக்லேட் கட்டி இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். முயலத் தொடங்கும்போதே ஒருமுறை ஆலோசனை பெறுவது நல்லது.