புகைக்கு வைத்த வாசல்

அமெரிக்காவில், பழைய காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 துளைச் சாக்கெட்டுக்கும் சரித்திரம் உண்டு என்றால் வாசகர்கள் சிரிக்கலாம். அந்நாட்டுக் காங்கிரஸ் 1990-ல் திருத்திய காற்றுத் தூய்மைச் சட்டத்தின் பயனாக, 1996 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் அது ஏறியது. எஞ்சின் அளவு மீறிப் புகை கக்கினால், மெக்கானிக் அதில் கருவியைச் செருகிக் கோளாற்றை அறியலாம்.

பின்னர் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அதே வாசலில் தம் சிறு பெட்டியைச் செருகின. எத்தனை மைல், எந்த நேரம், எத்தனை திடீர் பிரேக் என்று அது கணக்கெழுதுகிறது. 1996-க்கு முந்திய கார்களில் பெரும்பாலும் அதற்கு இடமில்லை.

சட்டம் கேட்டது காரின் புகையை. கம்பெனி கேட்பது ஓட்டுகிறவனின் குணத்தை. முன்னதைச் சபை கூடி விவாதித்து முடிவு செய்தார்கள். பின்னதை அவனவன் தனியே, சிறு தள்ளுபடிக்காக ஒப்புக்கொள்கிறான். இந்த வித்தியாசத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன்.