மானாமதுரையில் திறந்த பெட்டி

எங்கள் மரக்காணத்துக்காரர்கள் ரயில் ஏற வேண்டுமென்றால் திண்டிவனம் போக வேண்டும். 1952 ஆகஸ்ட் 28 அன்று எழும்பூரில் புறப்பட்ட இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் திண்டிவனத்தைக் கடந்துதான் தெற்கே போனது. மறுநாள் மானாமதுரையில், நாற்றம் தாங்காமல் பயணிகள் புகார் செய்ய, ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத ஆண் உடல்.

அந்த உடலிலிருந்து தொடங்கிய ஆளவந்தார் கொலை வழக்கைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதன் பின்னணியில் இருந்த அந்தரங்க உறவைத்தான் விரித்திருக்கிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. வெளியார் யாரும் கொலையைப் பார்க்கவில்லை. அப்படியிருக்க, உடல் இன்னாருடையது என்பதையே முதலில் எப்படி நிரூபித்தார்கள்? இந்த ஒரு கேள்வியோடு பழைய செய்திகளையும் வழக்கு விவரங்களையும் புரட்டினேன்.

விடை இரண்டு தடங்களில் கிடைத்தது. தலை அகப்பட்டது சென்னை ராயபுரம் கடற்கரையில். மணலில் புதைத்ததை அலை வெளியே தள்ளிவிட்டது. கரையோரம் ஆழமில்லாமல் புதைத்தது நிலைக்காது என்பது எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். காதுத் துளைகளும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல்லும் ஆளவந்தாரைக் காட்டின. உடலோ கைரேகையால் பேசியது. அவர் முன்பு ராணுவத்தில் இருந்தவர்; அங்கே பதிவாகியிருந்த ரேகையோடு அது பொருந்தியது. நானூறு கிலோமீட்டருக்கு மேல் விலகிக் கிடந்த இரண்டும் தனித்தனி வழியில் ஒரே பெயருக்கு வந்து சேர்ந்தன. வழக்கின் பலமே இதுதான் என்பேன்.

வழக்கின் மற்றக் கண்ணிகள் இவை: ராயபுரத்தில் பிரபாகர மேனன் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை, மேனனும் மனைவி தேவகியும் பம்பாய்க்குப் போய்விட்டார்கள், அங்கேயே பிடிபட்டார்கள்.

தேதிகளை வரிசைப்படுத்தும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. பெட்டி திறந்த ஒரு மாதத்துக்குள், 1952 செப்டம்பர் 23 அன்று, உச்ச நீதிமன்றம் ஹனுமந்த் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அது கொலை வழக்கே அல்ல, மத்தியப் பிரதேசத்து ஆவண மோசடி வழக்கு. ஆனாலும் சூழ்நிலைச் சாட்சியங்களின் சங்கிலி அறுபடக் கூடாது, குற்றவாளி என்பதைத் தவிர வேறு எந்த முடிவுக்கும் அது இடம்கொடுக்கக் கூடாது என்ற விதிக்கு இன்றும் கொலை வழக்குகளில் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள்.

ராயபுரத்துச் சங்கிலி அந்த வீட்டு வாசல்வரை உறுதியாக நிற்கிறது. உள்ளே யார் முதலில் கை ஓங்கினார், எந்த நினைப்பில் என்பதை ரேகையும் பல்லும் சொல்லாது. அன்றைய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 302ஆம் பிரிவின் கீழ் தண்டித்திருந்தால் தூக்கு, இல்லையேல் ஆயுள். 1953இல் நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச அய்யர் விதித்ததோ மேனனுக்கு 7 ஆண்டுக் கடுங்காவல், தேவகிக்கு 3 ஆண்டுச் சிறை.