அறுபது கலங்களும் ஒரு குரலும்



மின்கம்பி எட்டாத ஊர்களுக்கு வானொலி சென்ற வரலாறு, சின்னஞ்சிறு மின்கலங்கள் ஒன்றுகூடி நின்ற வரலாறேயாகும்.

1800ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள், இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ வோல்ற்றா இலண்டன் றோயல் கழகத் தலைவருக்கு ஒரு கடிதம் வரைந்தார். வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, இடையே உப்புநீரில் தோய்ந்த அட்டை; இவ்வரிசையை மேன்மேலும் அடுக்க மின்னழுத்தமும் ஏறுகின்றது என்று அதிலே அறிவித்தார். மின்கலவடுக்கு என நாம் வழங்கும் சொல் அக்காட்சியை அப்படியே கண்முன் நிறுத்துகின்றது.

இவ்வடுக்கின் அருமை வால்வு வானொலிக் காலத்திலேதான் வீடுகளுக்குப் புலனாயிற்று. உலர்கலம் ஒன்று தருவது ஒன்றரை வோல்ற் மாத்திரமே. வால்வின் இழையைச் சூடாக்க அது போதும். ஆயின் தகட்டுக்கோ தொண்ணூறு வோல்ற் வேண்டியிருந்தது. ஆகவே சிறுகலங்கள் அறுபதைத் தொடராக இணைத்தனர். இழைக்கு அழுத்தம் குறைவெனினும் ஓட்டம் மிகுதி. அதற்குப் பெருங்கலங்கள் சிலவற்றைச் சமாந்தரமாகப் பிணைத்தனர். இவ்விரு கூட்டங்களையும் ஒரே பெட்டியில் அடக்கி விற்றதும் உண்டு.

1949இல் ஆபிரிக்காவின் வட ரொடீசியாவில், இன்றைய சாம்பியாவில், ஏழை மக்களுக்கென ஒரு வானொலி விற்பனைக்கு வந்தது. அதன் கூடு அலுமினியச் சமையற் பாத்திரத்தாலானது. லூசாக்கா ஒலிபரப்பை நடத்திய ஹரி பிராங்ளின் விடாது முயன்றதன் பயன் அது. வானொலியின் விலை ஐந்து பவுண். பற்றறிக்கோ தனியே இருபத்தைந்து சிலிங். முந்நூறு மணிநேரம் உழைத்தது. நாளுக்கு இரண்டு மணிநேரம் கேட்டால் ஐந்து மாதம். அதன்பின் மீண்டும் பணம் தேட வேண்டியிருந்தது. வறியவர் வீட்டில் குரல் அடங்கியது பெரும்பாலும் இதனாலேயே.

தொடரிணைப்பில் ஒரு கொடுமையும் உண்டு. அறுபதில் ஒன்று நலிந்தால் அதன் தடை ஏனைய ஐம்பத்தொன்பதையும் மறிக்கும். கலங்களோ ஒரே கட்டாக மூடப்பட்டவை. பழுதுற்றதை மட்டும் மாற்ற வழியில்லை. நல்லனவும் சேர்ந்தே குப்பைக்குப் போயின!

1954இன் இறுதியில் அமெரிக்காவில் ரீஜென்சி என்னும் திரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. சூடாக்க வேண்டிய இழை அதில் இல்லை. இருபத்திரண்டரை வோல்ற், அதாவது பதினைந்து கலங்கள் போதுமாயின. பின்னர் வந்த பெட்டிகள் பல நான்கே ரோச் லைற் கலங்களில் பேசின; அவற்றை ஊர்க்கடையிலே ஒவ்வொன்றாகவும் வாங்கலாம்.