எண்ணியவர்களும் எண்ண வைத்தவர்களும்

ஒவ்வொரு ஜனவரியிலும் நமது நாட்டின் குளங்களிலும் களப்புகளிலும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் ஒரு பகுதி இது. இங்கே இதை ஒருங்கிணைப்பது 1943இல் உருவான இலங்கைப் பறவைக் கழகம். எண்ணுபவர்கள் தொண்டர்கள். "கொக்கை எண்ணி என்ன கிடைக்கப் போகிறது?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். இந்தக் கேள்விக்குப் பிரித்தானியாவின் வரலாற்றில் நல்ல பதில் இருக்கிறது.

1928இல் மெக்ஸ் நிக்கல்சன் என்ற இளைஞர், நாரைகளின் கூடுகளை எண்ணும் வேலையில் பொதுமக்களைச் சேர்த்தார். அந்தக் கணக்கு இன்றுவரை தொடர்கிறது. 1962-63 கடுங்குளிரில் நாரைகள் குறைந்ததும், பின்பு மீண்டதும் அதனால்தான் தெரிய வந்தது.

அதே காலத்தில் இன்னொரு சிக்கல் வந்தது. பந்தயப் புறா வளர்ப்போர், வல்லூறுகள் பெருகிவிட்டன, அவற்றுக்கான சட்டப் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டும் என்று அரசிடம் முறையிட்டார்கள். உண்மையை அறியும் பொறுப்பு பிரித்தானியப் பறவையியல் அமைப்பிடம் வந்தது. டெரெக் ரட்கிளிப் 1961, 1962ஆம் ஆண்டுகளில் அந்த ஆய்வை நடத்தினார். தொண்டர்கள் மலைப்பாறைகளிலும் கடற்கரைக் குன்றுகளிலும் ஏறிப் பார்த்தார்கள். முறைப்பாட்டுக்கு நேர்மாறான நிலைமையே தெரிந்தது. பழைய கூட்டிடங்கள் பல வெறுமையாகக் கிடந்தன.

காரணம் விவசாய நஞ்சுகள். விதைகளில் பூசிய மருந்து, அவற்றைத் தின்ற பறவைகள் வழியாக வல்லூறின் உடலில் சேர்ந்தது. 1967இல் ரட்கிளிப் இன்னொன்றையும் காட்டினார். பழைய முட்டைச் சேகரிப்புகளோடு ஒப்பிட்டபோது, 1940களின் பிற்பகுதியிலிருந்து முட்டை ஓடுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருந்தன. அது டீ.டீ.ரி.யின் வேலை. நஞ்சுகள் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டன. 1991 கணக்கெடுப்பில் வல்லூறுகள் போருக்கு முந்திய அளவையும் தாண்டியிருந்தன.

முன்பு எத்தனை இருந்தன என்று எழுதி வைத்த ஆட்கள் இல்லாவிட்டால் புறாக்காரரின் பேச்சே வென்றிருக்கும்.

இந்த வேலையின் முதுகெலும்பு பிராந்தியப் பிரதிநிதிகள். இவர்களுக்கும் சம்பளம் இல்லை. 1994இல் தொடங்கிய கணக்கெடுப்பில், ஒரு கிலோமீற்றர் சதுரங்களைக் கணினியே எழுந்தமானமாகத் தெரிவு செய்கிறது. பறவை நிறைந்த இடமும் வரும், வெறும் வயல்வெளியும் வரும். வெறும் வயலுக்கும் ஓர் ஆளைத் தேடிப் பிடிப்பது, புதியவருக்குப் பழக்கிக் கொடுப்பது, வராத படிவத்தைக் கேட்டு வாங்குவது, சந்தேகமான பதிவைச் சரிபார்ப்பது எல்லாம் இவர்கள் பாடு. அழகான இடங்களை மட்டும் எண்ணினால் கணக்கு பொய் சொல்லும் என்பதை இவர்கள் அறிவார்கள்.

நமது பக்கம் திரும்பிப் பார்ப்போம். ஒரு குளத்தையோ களப்போரத்தையோ மண்போட்டு நிரப்பும் பேச்சு வரும்போது, "முன்பெல்லாம் எவ்வளவு பறவை வரும் தெரியுமா!" என்கிறோம். "எந்த ஆண்டு, எத்தனை?" என்று அதிகாரி கேட்டால் வாயடைத்துப் போகிறோம்.

எண்ணுவதற்கு நம்மிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள், கண் கூர்மையான மீனவர்களும் விவசாயிகளும் இருக்கிறார்கள். அவர்களை ஒன்றுசேர்த்து, கொப்பியில் எழுத வைத்து, அடுத்த ஜனவரியும் மறக்காமல் கூப்பிடுகிற ஒருவர்தான் ஊருக்கு ஊர் தேவை. அந்த ஒருவர் நம்மில் யார்?