செக்ரோல் பதிவேடு முதல் செயலி வரை: தோட்டத்துப் பெண்ணின் சம்பளம் யார் கைக்கு?

தலவாக்கலைக்குப் பக்கத்து ஊரான ஹட்டனில் 1888இல் தோட்டத் துரைமாரின் தேவைக்காக ஒரு வங்கி பிறந்தது. இன்றைய ஹட்டன் நேஷனல் வங்கியின் வேர் அதுதான். தேயிலைக் காசை நம்பித் தொடங்கிய அந்த வங்கியின் படியைக் கொழுந்து பறித்தவர்கள் மிதிக்கப் பல தலைமுறைகள் ஆயின. இன்று வங்கி போனுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனாலும் பெண் உழைத்த காசு யார் கைக்குப் போகிறது என்ற பழைய கேள்வி தீர்ந்தபாடில்லை.

முதலில் அது பெரிய கங்காணியின் கைவழியே போனது. ஆள் கட்டி வந்தவர் அவர். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் துரையிடம் தனிக்காசு வாங்கியவரும் அவரே. தொழிலாளரின் கடனைக் குறித்து, தோட்டம்விட்டுத் தோட்டம் கூடவே வந்த ‘துண்டு’ முறையை 1921இன் சட்டம் ஒழித்தது. அடுத்து 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி வகுத்த முதல் வீதங்களில், உயரமான மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. ஆணும் பெண்ணும் ஒரே சம்பளம் வாங்க 1984 வேலைநிறுத்தம் வரை பொறுக்க வேண்டியிருந்தது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட ரேச்சல் குரியனின் ஆய்வு வேறொரு வழக்கத்தைச் சுட்டியிருந்தது. பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிக்கொள்வதுதான் அது. இதை வெறும் ஆணாதிக்கம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. தோட்டத்தின் நேர அட்டவணையும் அதற்குத் துணைநின்றது. கவ்வாத்து, கான் வெட்டு, உரம் போடுதல் போன்ற ஆண்களின் வேலை பெரும்பாலும் மதியத்தோடு முடியும். பெண்களோ மாலை நாலரை வரை மலையில் நிற்பார்கள், பிறகு கொழுந்து நிறுக்கக் காத்திருப்பார்கள். சம்பள மேசைக்கு முன்னால் யார் நின்றிருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? வங்கி வந்த பின்னும் இதே கதைதான். நகரத்து வங்கி மூன்று மணியளவில் கதவைச் சாத்தும்போது அவள் கூடை இன்னும் நிறைந்திருக்காது.

இன்னொரு தடை அரசு போட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குப் பங்குபோட்டது. எஞ்சியோருக்கு வழி பிறந்தது 2003இன் சட்டத்தில். குடியுரிமை இல்லாமல் தேசிய அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாமல் கணக்குத் திறப்பது பெரும்பாடு. தோட்டத்துப் பெண்கள் சீட்டையும் நகையடகையும் நம்பியதைப் பழமை என்று பழிப்பவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள்.

2012இல் ஈசி கேஷ் என்ற போன்வழிப் பணச் சேவை வந்தது. கடையிலேயே போன் வழியாகப் பணம் அனுப்பவும் எடுக்கவும் முடிந்தது. 2023இல் தொடங்கிய அரசின் அஸ்வெசும உதவித்தொகை நேரே வங்கிக் கணக்குக்கே போகிறது. இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 89 வீதத்தினரிடம் கணக்கு இருப்பதாக 2021இன் உலக வங்கித் தரவு சொல்கிறது. பார்க்க நல்ல எண்தான். ஆனால் கணக்கு இருப்பதும் அதை ஆள்வதும் ஒன்றல்ல. கணக்குத் திறக்கும் படிவத்தில் தொலைபேசி எண்ணுக்கென்று ஒரு சிறிய கட்டம் உண்டு. வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன் இருந்து, அது கணவனிடமோ மகனிடமோ இருந்தால், அந்தக் கட்டத்தில் ஏறுவது அவர்களின் எண். பணம் வந்த தகவலும் ஓடிபியும் அங்கேதான் போகும். தகவல் ஆங்கிலத்தில் வந்தால், தன் போனுக்கு வந்தாலும் அவள் இன்னொருவரிடம் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மீதி எவ்வளவு என்பது அப்போதே வீட்டுக்குள் பொதுச்செய்தி ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் சேலை முடிச்சிலோ அரிசிப் பானையிலோ ஒளித்துவைத்த காசுக்கு இருந்த பாதுகாப்பு இதற்கு இல்லை.

அசாமின் தேயிலைத் தோட்டங்கள் பட்ட பாடும் பாடமாகும். 2016 நவம்பரில் இந்தியா பணமதிப்பிழப்பை அறிவித்ததும் தொழிலாளருக்கு அவசர அவசரமாகக் கணக்குகள் திறந்தார்கள், ஏ.டி.எம். மட்டும் தோட்டத்துக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. இதற்கு மாறாக, 2007இல் கென்யாவில் தொடங்கிய போன்வழிப் பணச் சேவையான எம்-பெசா பரவியதற்கு மூலைக்கடை முகவர்கள் பெரிய காரணம். வங்கி மூடிய பின்னும் கடை திறந்திருக்கும்.

தலவாக்கலை வங்கிகள் செய்யக்கூடியது கடினமானதல்ல. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கே வந்து, அவளுடைய சொந்த எண்ணைக் கேட்டு எழுதி, தமிழில் தகவல் அனுப்பட்டும். தொழிற்சங்கங்களும் அடுத்த சம்பளப் பேச்சில் தொகையோடு நிறுத்திவிடாமல் இதையும் மேசையில் வைக்கட்டும்.